போட்டவர் எடுக்கக் கூடாது

உலகத்தில் எல்லாரையும் நம்பி, தன்னை மட்டும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் மறுகண் சேர்தான். மரக்கறிக்காரர் இன்றைக்குப் பறித்த போஞ்சி என்றால் நம்புவார். மழை இல்லை என்று ரேடியோ சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டு நனைந்துகொண்டு வருவார். ஆனால் தன் கையால் பூட்டிய பூட்டை நம்பமாட்டார். பூட்டிவிட்டுப் படியருகே நின்று, யாராவது வந்தால் "ஒருக்கா இழுத்துப் பாருங்கோ" என்பார். கீழே இரும்புக் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள்கூட மேலே ஏறி எங்கள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எழுதினவர் பார்த்தது போதாது, இன்னொருவருடைய கண்ணும் வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்லுவார். அதனால்தான் வாத்தியாராக இருந்தவருக்கு மறுகண் சேர் என்ற பெயர். வைத்தது யார் என்று தெரியாது. அந்தப் பெயரைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. சரியான பெயர்தானா என்று இரண்டு பேரிடம் விசாரித்தார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அந்த இரும்புக் கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் கம்ப்யூட்டர் நிலையம் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருசம் ஆகியிருந்த காலம். இன்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வரும். நான் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். என் முழங்கால் மலை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அங்கே கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடும் வேலைக்கு வந்தேன்.

முதல் நாளே தேத்தண்ணியில் மாட்டிக்கொண்டேன். தட்டில் கோப்பைகளை அடுக்கிக் கொண்டுபோனால், மறுகண் சேர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆர் ருசி பார்த்தது என்று கேட்டார். நான்தானுங்க என்றேன். அது செல்லாது என்றார். கம்ப்யூட்டரில் எழுதும் சுமதி என்ற பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு மிடறு குடிக்கச் சொன்னார். அவள் சீனி போதாது என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பின்னாலேயே வந்தார்.

"உங்களில பிழை இல்லை, அக்கா. போட்டவைக்குத் தாங்கள் போட்டது எப்பவும் நல்லாத்தான் இருக்கும். எனக்கும் அப்பிடித்தான்."

யாழ்ப்பாணத்து மனிதர். கணக்கு வாத்தியாராகப் பதுளைக்கு வந்து, கம்ப்யூட்டரைக் கண்டு அதோடு ஒட்டிக்கொண்டவர். பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இராது. ஆனால் அவர் சொன்னதை அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எனக்கும் அப்பிடித்தான் என்று ஒரு பெரிய மனிதர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அங்கே என்ன வேலை நடந்தது என்று அறிந்துகொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. கேட்கத்தான் வாய் வராது. கூட்டுகிற சாக்கில் நின்று காது கொடுப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது இதுதான். சின்னப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படம் கீறவும் கணக்குப் பழகவும் ஒரு புரோகிராம். அதை எழுதியவர்கள் எங்கெங்கோ தேசங்களில் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அதற்கு விலை இல்லை. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம், எவரும் திருத்தி அனுப்பலாம். அதைத் தமிழில் பேசவைக்கிற பகுதி எங்கள் நிலையத்தின் பொறுப்பு. திருத்தத்தை உள்ளே சேர்க்கிற சாவி, அதாவது கம்ப்யூட்டருக்குச் சொல்கிற இரகசியச் சொல், மறுகண் சேரிடம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மலையில் இருந்து வந்து விழுகிற பீலித் தண்ணீர் மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். எல்லாரும் பிடிக்கலாம், எல்லாருக்கும் சொந்தம். ஆனால் யாராவது பீலியைத் திருத்துகிறேன் என்று கிளம்பினால் நாலு பேர் போய் நின்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் லயமே குடத்தோடு நிற்கும்.

அந்த நாலு பேர் போய் நிற்பதற்குத்தான் மறுகண் சேர் ஒரு கொடி கட்டினார். நிஜமாகவே துணி காயப்போடுகிற கொடி. ஜன்னல் கம்பியில் இருந்து அலுமாரி வரைக்கும். புதிதாக யார் எது எழுதினாலும் அச்சடித்து, அந்தத் தாளைக் கொடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். இன்னொருவர் அதை நின்று படிக்க வேண்டும். பிழை கண்டால் அந்த இடத்தில் சிவப்புக் கிளிப். பிழை இல்லை, எனக்கு விளங்கிற்று என்றால் அவரே தாளைக் கழற்றி மேசையில் வைப்பார். அதற்குப் பிறகுதான் சேர் சாவியைத் தொடுவார். சட்டம் ஒன்றே ஒன்று. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார். போட்டவர் எடுக்கக் கூடாது. எழுதாத ஒருவர் விளங்கிக்கொண்டு எடுக்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் கொடி நிறையத் தாள்கள் படபடவென்று அடிக்கும். பஸ் ஸ்டாண்டில் இருந்து அண்ணாந்து பார்ப்பவர்கள் இது லோண்ட்ரி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் அழுக்குச் சேர்ட்டோடு மேலே ஏறி வந்தும்விட்டார். சேர் அவரைப் பூட்டை இழுத்துப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சுமதி பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கெட்டிக்காரி. அவள் முதன்முதல் மாட்டிய தாளில் சேர் போட்ட சிவப்புக் கிளிப்புகளின் பாரம் தாங்காமல் தாளே கிழிந்து கீழே விழுந்தது. அவள் என்னிடம் வந்து மூக்கை உறிஞ்சினாள். அடுத்த கிழமை சேர் எழுதிய தாள் ஒன்று கொடிக்கு வந்தது. சுமதி அதன் முன்னால் நின்று, படித்து, ஒரு சிவப்புக் கிளிப்பைப் போட்டு, பக்கத்தில் பேனாவால் 'இதை எழுதினவர் மாடு' என்று எழுதிவிட்டாள்.

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். பிள்ளைக்கு இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன். சேர் வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"பிள்ளை, இது பிழை. எழுதினவரைப் பற்றி எழுதக் கூடாது. இந்த வரி மாடு எண்டு எழுதுங்கோ."

சுமதி வெட்டிவிட்டு 'இந்த வரி மாடு' என்று எழுதினாள். சேர் மறுபடியும் படித்தார். கொஞ்சம் யோசித்தார். "ஓம், மாடுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்த் திருத்த உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தாளை ஏசலாம், ஆளை ஏசக் கூடாது என்பதும் நிலையத்தில் வழக்கமாகிவிட்டது. கோபம் வந்தால் நானும் சமையலறையில் அடுப்பைத்தான் ஏசுவேன், அதை வைத்தவரை ஏசுவதில்லை.

எனக்கு அது அதிசயமாக இருந்தது. மலையில் கங்காணி வந்து கூடைக்குள் கையை விட்டு முத்தின இலை இருக்கிறதா என்று கிண்டிப் பார்ப்பார். அது எங்களுக்குப் பழக்கம். ஆனால் கங்காணி தன் கையை விரித்து எங்களிடம் காட்டி, நீங்களும் பாருங்கள் என்று சொல்லி நான் கண்டதில்லை. இந்த மனிதர் சாவியையும் வைத்துக்கொண்டு, தன் கூடையை முதலில் கவிழ்த்தார். ஏன் இப்படி என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நிலையத்துக்கு வெளியிலும் அவருக்கு இதே வேலைதான். பசறை பஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். அப்படியும் இது பசறை பஸ்தானா என்று கேட்பார். கண்டக்டர் பலகையைக் காட்டினால், அதைப் படித்தது நான்தானே, நீங்களும் ஒருக்கா படித்துச் சொல்லுங்கள் என்பார். கலியாணம் பேசப் போன இடத்திலும், தன்னைப் பற்றித் தானே சொன்னால் செல்லாது என்று சொல்லி, தன்னைப் பிடிக்காத மூன்று பேருடைய விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். பெண்ணின் தகப்பனார் மூன்று பேரையும் போய்ப் பார்த்தாராம். இவ்வளவுதான் குறையா என்று நிம்மதியாகப் பெண்ணைக் கொடுத்தார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது சுமதிக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. அவளோடு எழுதிக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேரும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். நிலையத்தில் எழுதத் தெரிந்தவர் மறுகண் சேர் ஒருவர்தான் மிஞ்சினார்.

சுமதி போன கிழமையில் அவர் ஒரு பெரிய தாளை எழுதி முடித்தார். பிள்ளை கீறிய படத்தை அந்தப் பிள்ளையின் பெயரிலேயே, தமிழில், சேமித்து வைக்கிற பகுதி. அது சேர்ந்தால்தான் புரோகிராம் தமிழில் முழுதாகும். அதை சீடியில் ஏற்றிப் பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. வெளிநாட்டுக்காரர்கள் புதிய பதிப்புக்குக் கதவைச் சாத்துகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சேராவிட்டால் அடுத்த பதிப்பு வருவதற்கு ஒரு வருசம். அதுவரைக்கும் பிள்ளைகள் இங்கிலீசைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

சேர் தாளைக் கொண்டுபோய்க் கொடியில் மாட்டினார். மாட்டிவிட்டு உட்கார்ந்தார். பார்க்க ஆள் இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது.

தாள் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் தினமும் அதன் கீழே கூட்டினேன். சாவி அவர் கையில். எழுதினதும் அவர். இரண்டு எட்டு வைத்து அந்தத் தாளை எடுத்தால் வேலை முடிந்தது. எடுக்கவில்லை. தாளைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், தேத்தண்ணியைக் குடிப்பார்.

எங்கள் நிலையத்தை நடத்தின டைரக்டர் நல்லவர்தான். ஆனால் அவசரக்காரர். தானே கையெழுத்துப் போட்டு எடுத்துத் தருகிறேன் என்று வந்தார். படிச்சுப் பாத்தனீங்களே என்று கேட்டார் சேர். இதெல்லாம் யாருக்கு விளங்கும் என்றார் டைரக்டர். பார்க்காமல் கையெழுத்து வைப்பது பார்க்காமல் விடுவதை விட மோசம் என்று சேர் சொல்லிவிட்டார். டைரக்டருக்குக் கழுத்து சிவந்துபோயிற்று.

"சேர், வர்ற கிழமைக்குள்ள இது போகல்லன்னா சாவிய வாங்கி கொழும்புல வேற ஆளுகிட்ட கொடுத்துருவேன். பொறவு நீங்க இங்க கொடியில துணிதான் காயப்போடணும்."

அந்தத் தமிழ்ப் பகுதியைச் சேர் முதல் எழுத்தில் இருந்து வளர்த்தவர். அதைப் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் பூட்டைத் தவிர வேறு ஒன்றும் இராது. அவருடைய கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"நான் போட்டதை நானே எடுத்தால், பிறகு இந்தக் கொடி என்னத்துக்கு?" என்றார்.

"எழுதாத ஒருத்தர்னுதானே சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்க? படிச்சவர்னு எழுதலயே. இந்தா, டீ அக்கா எழுதலதானே, அவங்கள எடுக்கச் சொல்லுங்க" என்று கையை என் பக்கம் வீசிவிட்டு டைரக்டர் படியிறங்கிப் போனார்.

நக்கலாகத்தான் சொன்னார். ஆனால் மறுகண் சேருக்கு நக்கல் விளங்காது. சுவரில் இருந்த சட்டத்தை எழுந்து போய்ப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ பெரிய உத்தியோகம் கொடுக்கிறவர் மாதிரி, "அக்கா, துடைப்பத்தை வைச்சிட்டு இஞ்ச வாங்கோ" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது. பின்னேரத்தில் வேலை முடிந்ததும் என்னைக் கதிரையில் உட்காரவைத்து, அந்தத் தாளை வரி வரியாகச் சொல்லுவார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தாளில் இருந்தது பாதி இங்கிலீசு, பாதி அடைப்புக்குறி. ஒவ்வொரு நாளும் கடைசியில் கேட்பார், "விளங்கினதே, அக்கா?" இல்லீங்க என்பேன். சரி, நாளைக்கு முதலில இருந்து என்பார். முகத்தில் ஒரு சுணக்கம் இராது.

சுமதி கொழும்பில் இருந்து போன் எடுத்தாள். புது வேலையில் மூச்சு விட நேரமில்லை, தாள் பார்க்க இப்போது முடியாது என்றாள். விசயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமா விளங்கிருச்சின்னு சொல்லி எடுத்துருங்கக்கா. அவரு பொழைச்சாரு, பிள்ளைங்களும் பொழைச்சிச்சி" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். இரண்டு நாள் அந்த ஆமா என் வாய்க்குள்ளேயே கிடந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவர் கேட்கும்போது அது வெளியே வரமாட்டேன் என்றது. டைரக்டருடைய படிக்காத ஆமாவை வேண்டாம் என்று விட்டவர், என்னிடம் அதே மாதிரி ஒன்றை வாங்கவா இவ்வளவு பாடுபடுகிறார்?

தேயிலையை வைத்து விளக்கிப் பார்த்தார். அவருக்குத் தேயிலை தெரியாது என்பதால் எனக்கு இன்னும் குழம்பியது. கடைசியில் சமையலறைக்குள் புகுந்து வெறும் பால்மா டின்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் அடுக்கினார். நான்தான் கம்ப்யூட்டர், நீங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றார்.

"பேர் சொல்லுங்கோ."

"செல்விங்க."

"செல்வி ஒரு பூ கீறுறா." ஒரு துண்டில் பூக் கீறினார். கீறின பூவைப் பார்த்தால் முட்டைக்கோசு மாதிரி இருந்தது. "இப்ப நான் செல்வி எண்டு பேர் எழுதின டின்னைத் தேடுறன். இல்லை. புது டின் ஒண்டு எடுத்து, பேரை ஒட்டி, படத்தை உள்ள போடுறன். விளங்கினதே?"

தலையை ஆட்டினேன். டின் எனக்கு விளங்கியது. அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அடுத்த பிள்ளை வருது. பேர் சொல்லுங்கோ."

கூச்சத்தில் எனக்கு வேறு பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. மறுபடியும் செல்வி என்றுதான் வந்தது.

"அதே செல்வியோ?"

"இல்லீங்க. இது மேல் லயத்து செல்வி."

"சரி, செல்வி ஒரு வீடு கீறுறா. செல்வி எண்ட டின்னைத் தேடுறன். இருக்கு. இருந்தால் என்ன செய்ய வேணும் எண்டு எழுதியிருக்கிறன்?" தாளைப் பார்த்தார். "பழசை வெளியில எடுத்துப் போட்டிட்டு..."

டின்னைத் திறந்து பூவை வெளியே எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். பூ அவர் கையில் இருந்தது.

எனக்குக் கேள்வி ஒன்று வந்தது. ஆனால் கேட்க வழக்கம் போல வாய் திறக்கவில்லை. அவர் அதைக் கண்டுகொண்டார். கேளுங்கோ என்று சொல்லவில்லை, பேசாமல் நின்றார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் நின்றார்.

"அந்த மொத செல்வி நாளைக்கு வந்து, எம் படத்த எங்கன்னு கேட்டா, என்னாங்க சொல்றது?"

மறுகண் சேர் கதிரையில் உட்கார்ந்தார். முட்டைக்கோசுப் பூவை மடியில் வைத்துக்கொண்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எத்தனை செல்வி, எத்தனை விஜி என்று அவருக்கும் தெரியும், வாத்தியாராக வகுப்பில் பெயர் இடாப்புக் கூப்பிட்டவர்தானே. பெயர் ஒன்றாக இருந்தால் ஒரு பிள்ளையின் படத்தை இன்னொரு பிள்ளை அழித்துவிடும். அவர் அதை எழுதும்போது பார்த்தார், எழுதி முடித்துப் பார்த்தார், மாட்டும்போதும் பார்த்தார். டின் திறக்கிறவரை கண்ணில் படவில்லை.

எழுந்தார். சிவப்புக் கிளிப் ஒன்றை எடுத்துத் தாள் பக்கம் போனவர், பாதியில் திரும்பி வந்து அதை என் கையில் வைத்தார். அவர் எழுதின தாளுக்கு அவர் கிளிப் போடக் கூடாதாம். நான்தான் போட வேண்டுமாம். போட்டேன். பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்று பார்த்தார்.

டைரக்டர் வந்து சிவப்புக் கிளிப்பைக் கண்டு தலையில் கையை வைத்துக்கொண்டார். யார் போட்டது என்று கேட்டார். சேர் என்னைக் காட்டினார். டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். பிறகு இரண்டு செல்விக் கதையைச் சேரே சொன்னார். டைரக்டர் நடுவில் ஒரு இடத்தில் தலையில் இருந்த கையை எடுத்துவிட்டார். அவருடைய தங்கச்சி பேரும் செல்விதான்.

சேர் ராப்பகலாகத் திருத்தி எழுதினார். பெயர் அடித்ததும் பிள்ளை தனக்கென்று ஒரு சின்னப் படத்தை, கிளியோ குடையோ, தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாற்றினார். வேறு பிள்ளை எடுத்ததை எடுக்க விடாது. புதிய தாள் கொடிக்கு வந்தது. நான் ஆசையோடு கையை நீட்டினேன்.

"பொறுங்கோ அக்கா. முதலில இருந்து."

மறுபடியும் டின், மறுபடியும் முட்டைக்கோசு. எத்தனை செல்வி வந்தாலும் இந்த முறை எல்லாப் படமும் அதனதன் டின்னில் இருந்தது. விளங்கினதே என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அதை அவர் உடனே நம்பவில்லை. என்னையே கம்ப்யூட்டராக நிற்கவைத்துத் தான் பிள்ளையாக வந்து பார்த்தார். பிறகு நான் ஸ்டூலில் ஏறித் தாளைக் கழற்றி மேசையில் வைத்தேன். கதவு சாத்துவதற்கு முந்தின நாள் அது உள்ளே போயிற்று.

பார்த்தவர் யார் என்று வெளிநாட்டில் இருந்து கேட்டார்களாம். சேர் என் பெயரைத் தமிழில் அடித்து அனுப்பினார். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மறுகேள்வி வரவில்லை. சீடிகள் வேனில் ஏறிப் பசறைக்கும் லுணுகலைக்கும் போயின. சாவி அவரிடமே இருந்தது. வேலை பழகிய பிறகு சுமதி தினமும் கொழும்பில் இருந்தே தாளைப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டதால், டின்கள் திரும்பிச் சமையலறைக்கு வந்தன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சேர் இப்போது ஹாலிஎலவில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இதை எழுதியதும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவருடைய மனைவி துணி காயப்போடுகிற கொடியில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் போனால் ஏழெட்டு இடத்தில் சிவப்புக் கிளிப். குடையை வீட்டில் வைத்துவிட்டு நனைந்தது ஒரே ஒரு தடவைதானாம். பூ முட்டைக்கோசு மாதிரி இருக்கவில்லையாம். லோண்ட்ரி என்று ஏறி வந்தவரிடம் பூட்டைக் காட்டியது உண்மையாம், ஆனால் அவர் கொண்டுவந்தது சேர்ட் இல்லை, இடுப்பில் கட்டுகிற சாரமாம். அவரைப் பெரிய மனிதர் என்று நான் எழுதிய இடத்தில், பக்கத்தில் 'இந்த வரி மாடு' என்று இருந்தது. சிலதைத் திருத்தினேன், சிலதைத் திருத்த மாட்டேன் என்றேன். அரை நாள் வாதாடிவிட்டு அவரே கழற்றித் தந்தார்.

அதற்குப் பிறகு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, யாருக்கும் காட்டாமல் நான் சேர்த்த ஒரே வரி இது. என் வாயில் இருந்து ஒரு கேள்வி வருவதற்காகத் தன் தேத்தண்ணியை ஆறவிட்டுக் காத்திருந்த மனிதர், என் காலத்தில் அவர் ஒருவர்தான்.